பெரம்பூர் வீட்டுத் தோட்டத்தில் எது அரளி? ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்தது

பெரம்பூரில் ஒரு பழைய தனி வீடு. ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வீட்டுக்காரர் சேர்த்துவைத்த செடிகள் முன்முற்றத்திலும் பக்கச் சந்திலும் பின்னால் துணி துவைக்கிற கல்லைச் சுற்றியும் நிற்கின்றன. அவர் காலமாகி ஒரு வருடம் ஆகிறது. இப்போது வீட்டில் இருப்பது அவர் மனைவி, மகள், மருமகன், புதிதாக நடக்கப் பழகியிருக்கும் பேரன், அப்புறம் எது கிடைத்தாலும் கடித்துப் பார்க்கும் ஒரு நாட்டு நாய்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேட்டுக்கு மேலே போட்ட கம்பி வளைவின் கீழ் விழுந்து கிடந்த மஞ்சள் பூவைக் குழந்தை எடுத்துக் கடித்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா மதில் மேலாகப் பார்த்துவிட்டு, "ஐயய்யோ, அது அரளிம்மா! துப்பச் சொல்லு!" என்று கத்தினார். வாயில் இருந்ததை விரலால் எடுத்து, கழுவிவிட்டு, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினார்கள். அங்கே முதல் கேள்வி, என்ன செடி? மகள் "அரளி" என்றார். எந்த அரளி என்று கேட்டதற்குப் பதில் இல்லை. குழந்தையைச் சில மணி நேரம் வைத்துப் பார்த்து, இதயத் துடிப்பு சீராக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு அனுப்பினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

மறுநாளே மகள் தோட்டம் முழுவதையும் வெட்டி எடுத்து, தரைக்கு டைல்ஸ் போட ஆள் பேசிவிட்டார். அம்மா சம்மதிக்கவில்லை. "அது எல்லாம் அவர் வச்சது. அதுல கை வைக்கக் கூடாது" என்பது அவர் பேச்சு. இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் இருந்த நேரத்தில் மருமகன் என்னைக் கூப்பிட்டார். வெட்டுகிற ஆள் வருவதற்குள் எது என்ன செடி என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்டார்.

எந்த அரளி என்று மருத்துவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டிலும் இதயத் துடிப்பையே குலைக்கிற நஞ்சு இருக்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில செடிகள் வயிற்றைக் கலக்குவதோடு விட்டுவிடும். எல்லாமே பால் வடியும், பல மஞ்சளாகப் பூக்கும். பேர் தெரிந்தால்தான் எவ்வளவு பயப்பட வேண்டும் என்றே தெரியும்.

செடிகள் வந்த வழி

வட சென்னையில் அழகுச் செடி வாங்குகிறவர்களுக்குத் தெரியும், செடி வரும்போது பேரோடு வருவதில்லை. ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்து லாரி லாரியாக வந்து, செங்குன்றம் ஜி.என்.டி. சாலை ஓரத்து நர்சரிகளில் இறங்கி, அங்கிருந்து மீன்பாடி வண்டியில் ஏறித் தெருவுக்கு வருவதற்குள் எல்லாவற்றுக்கும் மூன்றே பேர்தான் மிஞ்சும். ஓலை மாதிரி இருந்தால் 'பாம்', இலையில் நிறம் இருந்தால் 'குரோட்டன்ஸ்', மற்றதெல்லாம் 'ஷோ செடி'. இந்த வீட்டுக்காரர் அப்படித்தான் வாங்கியிருக்கிறார். மீதி, குவார்ட்டர்ஸ் நண்பர்களிடம் கேட்டு வாங்கிய குச்சிகள்.

இரண்டு புயல்களும் இந்த முற்றத்தை மாற்றியிருக்கின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது முன்பக்கத்து வேப்பமரம் சாய்ந்தது. அதுவரை நிழலில் இருந்த பாதி முற்றம் ஒரே நாளில் வெயிலுக்கு வந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பின்பக்கம் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. எந்தச் செடி எங்கே வாடி நிற்கிறது, எது காடாக வளர்ந்து கிடக்கிறது என்பதற்கு இந்த இரண்டு தேதிகளை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதி விளக்கம் கிடைத்துவிடும்.

இரண்டு மஞ்சள் பூக்கள்

அம்மா ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். குழந்தை கடித்த பூவின் மிச்சத்தைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். "டாக்டர் கேட்டா காட்டலாம்னு எடுத்து வச்சேன் தம்பி. அவசரத்துல எடுத்துட்டுப் போக மறந்துட்டோம்."

பூ வாடியிருந்தாலும் வடிவம் தெரிந்தது. அடியில் குறுகிய குழல், மேலே அகலமாக விரிந்த ஐந்து வட்ட மடல்கள். விரித்து வைத்தால் உள்ளங்கையில் பாதியை மறைக்கும். தொண்டைக்குள் மெல்லிய செம்பழுப்புக் கோடுகள். மஞ்சள் அரளிப் பூ இப்படி விரியாது. அதன் மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொண்டு, முழுக்க மலர்ந்த பிறகும் பாதி மூடினாற்போல, கொஞ்சம் தலைகுனிந்தே இருக்கும்.

பூவை மட்டும் நம்பி முடிவு சொல்லக் கூடாது என்பதால் வளைவுக்குப் போனோம். அங்கே ஏறியிருந்த கொடியில் இலைகள் கணுவுக்கு மூன்று, நான்கு என்று வட்டமாக அமைந்திருந்தன. ஒவ்வொன்றும் மூன்று விரல் அகலம், தடிப்பு, மேல்பக்கம் பளபளப்பு. கிள்ளினால் வெள்ளைப் பால். ஐயமே இல்லை, அலமண்டா. தென் அமெரிக்காவிலிருந்து வந்து உலகத்து வெப்பநாட்டுத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் ஏறிவிட்ட கொடி. இதைச் சாப்பிட்டால் வாந்தியும் பேதியும் வரும், பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். குழந்தை வாய்க்கு ஏற்றதில்லைதான். ஆனால் ஒரு பூவைக் கடித்ததற்கு இதயம் நின்றுவிடுமோ என்று நடுங்க வேண்டிய செடி இல்லை.

அப்படியென்றால் பக்கத்து வீட்டு அம்மா சொன்ன அரளி? அது இருந்தது, வேறு இடத்தில். பக்கச் சந்தில், மதிலுக்கு அந்தப் பக்கம் வேர்விட்டு இந்தப் பக்கம் கிளையைச் சாய்த்திருந்த சிறு மரம். இலைகள் ஒரு விரல் அகலம்கூட இல்லாமல் சாண் நீளத்துக்கு ஒடுங்கியவை. கிளையைச் சுற்றி ஒன்று மாற்றி ஒன்றாக ஏறுகின்றன, கணுவுக்கு ஒன்றுதான். நடுநரம்பு மட்டும் தெரிகிறது, பக்க நரம்புகள் கண்ணுக்குப் படவில்லை. கீழே சந்தில் பச்சையும் கறுப்புமாகக் காய்கள் உதிர்ந்து கிடந்தன, கொழுக்கட்டை போல நடுவில் ஒரு மேட்டோடு. இதுதான் மஞ்சள் அரளி, பொன்னரளி என்றும் சொல்வார்கள். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி. நம் ஊரில் சிவன் பூசைக்குப் பூப் பறிக்க வீட்டுக்கு வீடு வைத்தது. செடி முழுவதும் நஞ்சுதான், அதிலும் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு மிக மோசம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இதனால் போன உயிர்கள் நிறைய.

ஆக, எல்லோரும் பயந்தது கேட்டுக்கு மேல் இருந்த கொடிக்கு. பயப்பட வேண்டிய மரம் சந்தில் ஆண்டுக்கணக்காகக் காய்த்து உதிர்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சந்தில்தான் நாய் மதியம் தூங்குகிறது.

அந்த மரத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று பார்த்தால், அன்றைக்குக் கத்திய அதே பக்கத்து வீட்டு அம்மா. தினமும் காலையில் பூசைக்கு அதில்தான் பூப் பறிக்கிறார். "இத்தனை வருஷமா என் கையாலதான் பறிக்கிறேன் தம்பி. எனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். தப்பில்லை. பூவைப் பறிப்பதால் யாருக்கும் எதுவும் ஆகாது, பால் பட்ட கையைக் கழுவிக்கொண்டால் போதும். கீழே விழும் காயைப் பற்றித்தான் பேச்சு என்றதும் அவரே ஒரு கவரை எடுத்துக்கொண்டு பொறுக்க வந்துவிட்டார்.

'பாம்' என்று நின்ற ஒன்று

மஞ்சள் பூவை முடித்தபோதே எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது ஊஞ்சலுக்குப் பக்கத்துச் செடி. கட்டையான அடிமரம், உச்சியில் வட்டமாக விரிந்த விறைப்பான ஓலைகள். வீட்டில் எல்லோரும் அதைப் 'பாம்' என்றே சொன்னார்கள். செல்போன் ஆப்பும் முதலில் ஏதோ ஒரு பனை வகையைக் காட்டியது. ஆப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. தூரத்திலிருந்து எடுத்த படத்தைக் கொடுத்தால் அதுவும் தூரத்திலிருந்துதான் சொல்லும்.

நடுக்குருத்தை எட்டிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். பனையோ தென்னையோ, புது ஓலை மடித்த விசிறியாக, ஈட்டி மாதிரி நேராக வெளியே வரும். இங்கே வந்துகொண்டிருந்த குருத்தில் ஒவ்வொரு சிற்றிலையும் தனித்தனியாக உள்பக்கம் சுருண்டிருந்தது, மேலே பழுப்பு நிறப் பொடிமயிர். விரிந்த சிற்றிலைகளின் ஓரம் கீழ்ப்பக்கமாக மடங்கி, நுனி குத்தியது. சைகஸ் ரெவலூட்டா. தெற்கு ஜப்பான் தீவுகளைச் சேர்ந்தது. பனைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது பூக்கவே பூக்காது. ஆண் செடியில் நீண்ட கூம்பு, பெண் செடியில் மயிரடர்ந்த மடல்களுக்கு நடுவே செம்மஞ்சள் விதைகள், அவ்வளவுதான். நர்சரியில் 'டைனோசர் காலத்துச் செடி' என்று சொல்லி விற்பார்கள். சைகஸ் இனத்தின் வம்சாவளி அவ்வளவு பழையது என்பது உண்மைதான், இன்றைக்கு இருக்கும் வகைகள் அந்த அளவுக்குப் பழையவை அல்ல.

இந்த வீட்டுச் செடி பெண். நடுவில் கைவிட்டுப் பார்த்ததில் விதைகள் இருந்தன. சைகஸ் விதை மனிதருக்கும் நாய்க்கும் கல்லீரலைக் கெடுக்கும். நாய் வளர்க்கிற வீடுகளில் கால்நடை மருத்துவர்கள் முதலில் எச்சரிக்கிற அழகுச் செடிகளில் இதுவும் ஒன்று. மகளிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "செடியை எடுக்க வேண்டாம்மா, விதையைக் கிள்ளி எடுத்தால் போதும்" என்றேன். பெண் செடி மடல் விடும்போதே நடுவைச் சுத்தம் செய்துவிட்டால் அந்தப் பருவத்துக்குக் கவலை இல்லை. ஓலையை நாய் மெல்லாமல் இருக்கத் தொட்டியைச் சுற்றி ஒரு கம்பிவலை. வீட்டுக்காரர் இதை வாங்கியபோது ஒரு சாண் உயரம்தான் இருந்ததாம். சைகஸ் வளரும் வேகம் தெரிந்தவர்களுக்கு, இடுப்பு உயரத்துக்கு வந்த ஒன்றை வெட்டி எறியக் கை வராது.

வாசற்படித் தொட்டி

வாசற்படியின் இரண்டு பக்கமும் பச்சையில் வெள்ளை தெளித்த இலைகளோடு இரண்டு தொட்டிகள். இரண்டும் ஒரே செடி என்று வாங்கி வைத்திருக்கிறார். பார்த்தால் ஒன்று அக்லோனிமா, ஒன்று டிஃபன்பாக்கியா.

எப்படிப் பிரிப்பது? அக்லோனிமாவின் தண்டு மெலிசு, அடியிலிருந்து பல கிளைத்து ஒரு புதராக நிற்கும், இலை நீளமாகக் கூர்ந்திருக்கும். ஆசியக் காடுகளின் நிழலில் வளர்ந்த செடி, சென்னை வீட்டு வராந்தாவுக்கு அச்சாகப் பொருந்தும். டிஃபன்பாக்கியாவுக்குத் தடித்த ஒற்றைத் தண்டு, உதிர்ந்த இலைகளின் தழும்பு வளையம் வளையமாகத் தெரியும், இலை அகலம், நடுநரம்பு பருமன். அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. இரண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. கருணைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் நாக்கு அரிக்கிறதே, அதே சங்கதி. டிஃபன்பாக்கியாவில் அதன் வீரியம் பல மடங்கு. கடித்த உடனே வாய் எரிந்து, நாக்கும் உதடும் வீங்கும், பேச்சே வராமல் போகலாம். கடித்துவிட்டால் வாயைத் துடைத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுத்து, வீக்கமோ மூச்சுத்திணறலோ தெரிந்தால் உடனே மருத்துவமனை. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

இந்தத் தொட்டி இருந்த உயரம் சரியாக அந்தக் குழந்தையின் வாய் உயரம். மஞ்சள் பூவுக்காக ஊரைக் கூட்டியவர்கள் தினமும் இதைத் தாண்டித்தான் உள்ளே போய் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டையும் மாடிப்படித் திருப்பத்தில் இருந்த உயரமான திண்டுக்கு மாற்றினோம். வெயில் படாத அந்த இடம் இரண்டுக்குமே வாசலைவிட நல்ல இடம். வேப்பமரம் போன பிறகு வாசல் வெயிலில் டிஃபன்பாக்கியாவின் இலையோரம் கருகிக்கொண்டே வந்திருக்கிறது.

தென்னையில் ஏறிய மான்ஸ்டெரா

மருமகனுக்கு ஒரு பெருமை இருந்தது. பின்பக்கத் தென்னையில் ஏறியிருக்கும் கொடி, கடையில் ஒரு இலையே நூற்றுக்கணக்கில் விலை போகும் மான்ஸ்டெரா என்று. இலைகள் முறம் அளவு, ஓரத்திலிருந்து நடுநரம்பு வரை கிழிந்து தொங்கின. படத்தில் பார்க்கிற மான்ஸ்டெராவுக்கும் அதற்கும் வித்தியாசம் காண்பது சிரமம்தான்.

தென்னையின் அடியில் உட்கார்ந்து அதே கொடியைக் கீழிருந்து மேலே பின்தொடர்ந்தோம். தரையோரம் இதய வடிவில் சின்னச் சின்ன இலைகள், மஞ்சள் தெறித்தவை. இடுப்பு உயரத்தில் கை அளவு. தலைக்கு மேலே போனதும் பெரிதாகிக் கிழியத் தொடங்குகிறது. ஒரே கொடி, ஒரே தண்டு. மணி பிளான்ட். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைக்கிற அதே செடி, பிடித்து ஏற மரமும் நல்ல வெளிச்சமும் கிடைத்தால் இப்படி முதிர்கிறது. பசிபிக் பெருங்கடலில் மூரியா என்ற சின்னத் தீவுதான் இதன் பூர்வீகம். பூப்பதே அபூர்வம் என்பதால் பூவை வைத்து அடையாளம் காண வழியில்லை, இலைதான். மான்ஸ்டெரா டெலிசியோசா என்றால் ஓரக் கிழிசலோடு இலைக்குள்ளேயே நடுநரம்பை ஒட்டி முட்டை வடிவ ஓட்டைகளும் இருக்கும், இலைக்காம்பு இலையைச் சேரும் இடத்தில் நெளிநெளியான விளிம்பு இருக்கும், மஞ்சள் தெறிப்பு வழக்கமாக இருக்காது.

மருமகனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எனக்கு என்னவோ அந்தக் கொடிதான் அந்த வீட்டிலேயே பார்க்க வேண்டிய காட்சி என்று தோன்றியது. கையகல இலை முறமாவதை அடி அடியாக ஒரே மரத்தில் பார்க்கக் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

மற்றவை

துவைக்கிற கல்லைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு வாழை இலைச் செடிகள், செம்மஞ்சள் மடல்களோடு. அதை 'பேர்ட் ஆஃப் பாரடைஸ்' என்று விற்றிருக்கிறார்கள். உண்மையில் ஹெலிகோனியா சிட்டகோரம். அசல் பேர்ட் ஆஃப் பாரடைஸ் தென்னாப்பிரிக்காவினுடையது. அதில் மடல் ஒன்றே ஒன்று கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும், அதிலிருந்து ஆரஞ்சும் நீலமும் எழும். ஹெலிகோனியாவில் மடல்கள் தண்டின் இரு பக்கமும் மாறி மாறி, ஒவ்வொன்றுக்குள்ளும் சிறு பூக்கள் ஒளிந்திருக்கும். மிக்ஜாம் தண்ணீரில் பின்பக்கம் நின்ற செடிகளில் கெடாமல் எழுந்தது இதுவும் கல்வாழையும்தான். ஈரத்தில் வாழ்கிற குணம்.

அதே தண்ணீர் பெருங்கள்ளி (பிளுமேரியா) மரங்களை விடவில்லை. மதிலோரம் மூன்று இருந்திருக்கின்றன, தாழ்வான பக்கம் நின்ற இரண்டும் அடி அழுகிப் போயின. மூன்றாவது இலையே இல்லாமல் மொட்டைக் குச்சியாக நின்றதால் அதுவும் செத்தது என்று வெட்டும் பட்டியலில் முதலில் இருந்தது. நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை, உடனே பால். உயிரோடுதான் இருக்கிறது. உதிர்ந்து காய்ந்து கிடந்த இலைகளின் நுனி கூர்மை, அதனால் பிளுமேரியா ருப்ரா. பனிக்காலத்தில் இலையைக் கொட்டி, வெயில் ஏறும்போது பூவோடு எழுகிற வகை. இலை நுனி மழுங்கலாக இருந்தால் அது ஆப்டுசா, வருடம் முழுவதும் பச்சை. சித்திரையில் அந்த மொட்டைக் குச்சி வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்தது. இருட்டியதும் வாசனை கூடும், இரவுப் பட்டாம்பூச்சிகளை வரவழைக்கத்தான். பூவில் தேன் என்று ஒன்றும் கிடையாது, வந்தவை ஏமாந்து போக வேண்டியதுதான்.

இட்லிப்பூவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். இந்த முற்றத்துச் செடிகளில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இல்லாத ஒரே ஆள் இதுதான். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாய் மண். ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடிய வெட்சிதான் இது. எதிரெதிராக இரண்டு இலை, இரண்டு காம்புகளுக்கும் நடுவே தண்டை ஒட்டி ஒரு சிறு முக்கோணச் செதில். அதைப் பார்த்துவிட்டால் காப்பிச்செடியின் குடும்பம் என்று சொல்லிவிடலாம், பூவே வேண்டாம். மகள் சின்ன வயதில் இதன் குழலைப் பிடுங்கி நுனியில் தேன் உறிஞ்சியதாகச் சொன்னார். இப்போது புது இலைகள் வெளுத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றன. உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணியை ஊற்றி ஊற்றி மண் காரமாகிவிட்டது, அதில் இரும்புச்சத்து இருந்தும் வேர் எடுக்க முடிவதில்லை. தொட்டி விளிம்பில் படிந்த வெள்ளைப் பொருக்கே சாட்சி. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), கொஞ்சம் சிட்ரிக் ஆசிட் கலந்து காலை வேளையில் இலையில் தெளித்தோம். அடுத்து வந்த துளிர்கள் பச்சையாக வந்தன. தண்ணீரை மாற்றாமல் மருந்து மட்டும் அடித்தால் திரும்ப வெளுக்கும் என்பதால், இட்லிப்பூவுக்கு மட்டும் மெட்ரோ தண்ணி என்று அம்மா வாளி ஒதுக்கிவிட்டார்.

குரோட்டன்ஸ் கதை சின்னது. பின்பக்கம் நிழலில் இருந்தவை பச்சையாகிவிட்டன, ஜாதி மாறிவிட்டது என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். ஜாதி மாறவில்லை, வெளிச்சம் போதவில்லை. முன்பக்க வெயிலுக்கு மாற்றியதும் புதிதாக விட்ட இலைகளில் நிறம் வந்தது. பழைய இலைகள் பச்சையாகவே இருந்து உதிர்ந்தன. குரோட்டன்ஸ் இலை ஒன்றை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேலே சிவப்பாகத் தெரிவதற்கு உள்ளே பச்சையும் மஞ்சளும் அடுக்கடுக்காக இருப்பது தெரியும்.

சாக்கடை ஓரம் மஞ்சள் பூவோடு தரையை மூடியிருந்த வெடேலியாவை மட்டும் நானே எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டு ஓடும், பக்கத்தில் எதையும் வளர விடாது, உலகின் மோசமான ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலிலேயே இருக்கிறது. நர்சரிகளில் இன்னும் தாராளமாக விற்கிறார்கள்.

செய்ததும் விட்டதும்

மொத்தத்தில் வேரோடு போனது வெடேலியா, அழுகிய இரண்டு பெருங்கள்ளி, அவ்வளவுதான். டைல்ஸ் வேலை நின்றது. சந்தில் மஞ்சள் அரளியின் இந்தப் பக்கக் கிளைகளை மதிலோடு வெட்டிவிடப் பக்கத்து வீட்டு அம்மா ஒத்துக்கொண்டார். வெட்டுகிறவர் கையுறை போட்டுக்கொண்டார், வெட்டியதை எரிக்கவில்லை, அதன் புகையும் ஆகாது. சந்துக்குக் கீழ்க்கம்பி நெருக்கமான ஒரு கதவு போட்டார்கள், நாய்க்கு மாடிப்படிக்கடியில் வேறு இடம். கேட்டுக்கு மேலே அலமண்டா அப்படியே இருக்கிறது. கீழே விழும் பூவைக் காலையில் கூட்டித் தள்ளுவது மருமகன் பொறுப்பு.

பெயர்ப்பலகை எழுதும் வேலையை மகளே எடுத்துக்கொண்டார். தகரத் துண்டில் பெயிண்ட். தமிழ்ப் பேர், அறிவியல் பேர், கடித்தால் என்ன ஆகும் என்று மூன்று வரி. தோட்டக்கலைத் துறையின் மாதவரம் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு நாள் போய் அங்கே பலகை வைத்த செடிகளோடு தன் வீட்டுப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தார். முன்பு பூவின் முகத்தை மட்டும் எடுத்த படங்கள் போய், இப்போது முழுச் செடி, கணு, இலையின் பின்பக்கம், காய் என்று ஒரு செடிக்கு நாலைந்து படம் எடுக்கிறார். அதே படங்களை வைத்து ஆப்பில் தேடினால் சைகஸை சைகஸ் என்றே காட்டுகிறதாம்.

பலகை எழுதும்போது ஒரு சச்சரவு வந்தது. அலமண்டா பலகையில் 'நஞ்சு' என்று போட வேண்டும் என்றார் மகள். "அப்போ சந்துல இருக்கிறதுக்கு என்ன போடுவ?" என்று கேட்டார் அம்மா. கடைசியில் அலமண்டாவுக்கு 'வயிற்றைக் கலக்கும்' என்றும், மதிலில் இருக்கும் பலகைக்கு 'உயிருக்கு ஆபத்து, காயைத் தொடாதே' என்றும் எழுதினார்கள். டிஃபன்பாக்கியாவுக்கு 'வாய் வீங்கும்'.

வெடேலியா எடுத்த இடத்தில் ஐப்பசி மழைக்கு முன்னால் இட்லிப்பூக் குச்சிகள் ஊன்றப் போகிறார்கள். அறுந்து மண்ணில் தங்கிய கணுக்களிலிருந்து வெடேலியா திரும்பத் துளிர்க்கும் என்பதால் அதுவரை வாரம் ஒரு முறை கிளறிப் பார்த்துப் பிடுங்கச் சொல்லியிருக்கிறேன். சைகஸ் அடுத்த மடல் விடும்போது விதை எடுக்க மறக்காமல் இருக்க, மருமகன் போனில் அலாரம் வைத்திருக்கிறார்.